அடுத்தவங்க பாட்டு போட்ட சுலோச்சனா

ஒன்பதாம் வகுப்பில் யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அசை பிரித்துக் காட்டக் கரும்பலகையில் பாதி வரிதான் எழுதியிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "சார், உங்க செல்லு விடாம அடிக்குது. உசிலம்பட்டியில இருந்து ஒரு அம்மாவாம்" என்றார். முத்துப்பேச்சி அம்மா தாமாகக் கூப்பிடுகிறவர் அல்ல. மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நாம் கூப்பிடும்வரை காத்திருப்பவர். அன்று அவரே பேசினார். "மணித் தம்பி, நம்ம சுலோ போயிருச்சுப்பா."

எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் மடத்தனம் அந்த அம்மா அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்று நாள் காய்ச்சல். முப்பத்து நான்கு வயது. இரண்டாம் நாள் வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய அண்ணன் பத்மநாபன் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு வான்னா, இந்த ஒரு பாட்டு முடிச்சுட்டு வாரேன்னுச்சு" என்றார். சுலோச்சனாவின் பிடிவாதமே அவரைக் கொண்டுபோய்விட்டது என்பது அவர் அண்ணனின் கட்சி. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் பாட்டுக் கட்டித் திரிந்த எங்களில் பத்துப் பேருடைய பாட்டு எதுவும் இன்றைக்கு இருந்திருக்காது. அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். அறியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சுலோச்சனா முனிச்சாலைப் பக்கத்தில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஒரு மொழி, வெளியில் மதுரைத் தமிழ். அண்ணன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். பத்திரிகைக்கு எழுத்துக் கோர்க்கத்தான் சுலோச்சனா கம்ப்யூட்டர் படித்தார். யாரோ ஒரு உறவுக்காரப் பையன் கொடுத்த வெளிநாட்டு ஹிப்ஹாப் கேசட்டுகளை, பத்திரிகையில் பெயர் சரிபார்க்க வந்த பெண்வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எழுத்துக் கோர்த்தவர் அவர். பிறகு கல்லூரி விழாக்களுக்கு ஆடுகிறவர்கள் வந்து, இந்தப் பாட்டில் கொஞ்சம் அந்தப் பாட்டில் கொஞ்சம் சேர்த்து ஒட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். அப்படித்தான் அச்சகத்தின் மாடி அறை பாட்டு அறையாக மாறியது.

அந்த அறையில் குரல் பதிவு செய்ய ஒரே ஒரு நேரம்தான் உண்டு. மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரை. கீழே அச்சு இயந்திரம் நிற்பது அந்தச் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான். மதுரையின் ராப் பாடகர்கள் எல்லோரும் வயிறு பசிக்கப் பசிக்கப் பாடியவர்கள் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும். "ஏன்க்கா, அந்த மெஷின் சத்தத்தையே தாளமா வச்சுக்கிட்டா என்ன?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். "அது காதுல விழக்கூடாதுன்னுதானண்ணே நான் ஹெட்போனே வாங்குனேன்" என்றார்.

அவர் என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் எல்லோரும் சொல்வதுபோல நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். கடைசிவரை இது இப்படியே ஓடியது. அவர் செய்து கொடுத்த கேசட்டின் முதுகில் 'சுலோ' என்று மட்டும் எழுதியிருக்கும். திருமங்கலத்தில் ஒரு சவுண்டு சர்வீஸ்காரர் அதை ஆங்கில வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, ஒரு திருவிழாவையே தூங்கவைத்தார்.

நான் அவரிடம் போனது என் திமிர் உச்சத்தில் இருந்த காலத்தில். சமயநல்லூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராப் குழு வைத்திருந்தோம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராததைப் பற்றி நான் ஒரு பாட்டு எழுதியிருந்தேன். நாற்பத்தெட்டு வரி. மூன்றரை நிமிடம். கேட்பவருக்குத் தலை சுற்ற வேண்டும் என்பதே என் நோக்கமாக இருந்தது. அதை ரீமிக்ஸ் செய்து தரும்படி கொடுத்தோம். அதாவது எங்கள் குரலை வைத்துக்கொண்டு, அடியில் ஓடும் தாளத்தையும் இசையையும் அவர் புதிதாகப் போட வேண்டும். அவர் மூன்று முறை கேட்டார். பிறகு, "தண்ணி லாரி வரலைன்னா உங்க வீட்டுல முதல்ல யாரு எழுந்திரிச்சுக் குடத்தைத் தூக்குறது?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். "பாட்டுல அம்மா எங்க இருக்காங்க?" என்றார். முப்பத்தோராவது வரியில் இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது பாட்டில் பதினாறு வரிதான் மிச்சம் இருந்தது. முப்பத்தோராவது வரி முதல் வரியாகியிருந்தது. தாளம் பாதி வேகத்துக்கு இறங்கியிருந்தது. "என் வரியை வெட்ட நீங்க யாரு?" என்று கத்தினேன். "நான் வெட்டலண்ணே. கேக்குறவங்க உள்ள வர்றதுக்கு வாசல் வச்சேன். பிடிக்கலைன்னா சொல்லுங்க, பழசை அப்படியே தர்றேன். உங்களைக் கேக்காம வெளிய போகாது" என்றார். அவருடைய முதல் விதி அது. பாடியவர் எதிரில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுச் சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டும் அந்த மாடிப்படி இறங்காது. என் நண்பர்கள் இருவரும் சரி என்றார்கள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சரி என்றேன். ஒரு மாதத்துக்குள் அந்தப் பாட்டு டவுன் பஸ்களில் ஓடியது. பரவையில் ஏறிய ஒரு அம்மா காலிக்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சீட்டில் இருந்தவரிடம், "இது நம்ம கதைல்ல!" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஆரப்பாளையம் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

முத்துப்பேச்சி அம்மாவை எங்களுக்குக் கொண்டுவந்ததும் சுலோச்சனாதான். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வேலை செய்கிறவர். கும்மியும் பாடுவார், சொந்தமாகவும் கட்டுவார். வீட்டுக்காரர் உழவு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு வந்த அன்று அவர் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. 'கட்டுத்தறி காத்துக் கெடக்கு, கயிறு மட்டும் வீடு வந்துச்சே' என்று தொடங்கும். அவர் குரல் இனிமையான குரல் அல்ல. உமியை முறத்தில் தேய்த்ததுபோல் இருக்கும். அந்தப் பாட்டுக்குத் தாளம் தேடி சுலோச்சனா உசிலம்பட்டிச் சந்தைக்கே போனார். மாடு இறக்க லாரியின் பின்பலகையைத் தட்டிவிடுவார்களே, 'டொம்' என்று, அந்தச் சத்தத்தைச் சின்ன டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டு வந்தார். டிரம் அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பலகை விழும்படி செய்தார். கேட்டபோது மாட்டுக்காரர் ஒருவர் நம் வாசலில் வந்து நின்றது போலிருந்தது.

இப்படி ஐந்தாறு வருடத்தில் எங்களில் பலருக்கும் அவர் செய்த ரீமிக்ஸ்கள் தனித்தனிக் கேசட்டாகக் கிடந்தன. அவற்றில் பத்தை எடுத்து ஒரே சி.டி.யாகப் போடலாம் என்று அவர் சொன்னபோது நாங்கள் வானத்தில் மிதந்தோம். எப்படியோ சேதி போய், சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனிக்காரர் அந்த மாடிக்கே வந்து உட்கார்ந்து பத்தையும் கேட்டார். மரியாதையான மனிதர். "ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டே விஷயம்" என்றார். ஒன்று, 'சுலோச்சனா' என்ற பெயர் ஹிப்ஹாப்புக்கு எடுபடாது, ஒரு ஆம்பளைப் பெயராக, டி.ஜே. என்று போட்டு ஏதாவது வைத்துக்கொள்ளலாம். இரண்டு, அந்த மாட்டுப் பாட்டு அருமை, ஆனால் குரல் சரியில்லை. சென்னையில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை வைத்துப் பாடவைத்துவிடலாம்.

சுலோச்சனா சற்றும் யோசிக்கவில்லை. "என் பேரை என்னமும் வச்சுக்கங்க சார். அந்தம்மா குரலை மாத்த முடியாது" என்றார்.

"ரெண்டும் வேணும்மா. யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவர் எழுந்து போனார்.

இனி நான் எழுதப்போவது என்னைப் பற்றி. இதை விட்டுவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் நான் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். முத்துப்பேச்சி அம்மாவின் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கம்பெனி, தமிழ்நாடு முழுக்க வெளியீடு, ஒன்பது பேருடைய எதிர்காலம் என்றெல்லாம் பேசினேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டார். "பாட்டு போனாச் சரி தம்பி. ஆரு பாடுனா என்ன?" என்றார். பிறகு கட்டிய குழையையே அவிழ்த்து மறுபடி கட்டினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என்னை நிறுத்திக்கொள்ளவில்லை. "அப்ப நீங்களே வந்து அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா" என்று அவரை அடுத்த பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிவந்தேன்.

மாடியில் ஏறியதும் முத்துப்பேச்சி அம்மா, "என்னைய விட்டுரு ஆத்தா. இந்தப் பிள்ளைகள்லாம் நல்லா வரட்டும்" என்றார்.

சுலோச்சனா என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, அந்த மாட்டை வித்தது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அழுதது யாரு?"

"நாந்தேன்."

"அப்ப பாடுறது யாரு?"

முத்துப்பேச்சி அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். சத்தமாகச் சொன்னேன். "ஒரு கிழவி குரலுக்காக ஒம்போது பேரு வாழ்க்கையைக் கெடுக்குறீங்க."

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அவங்க கிழவி இல்லண்ணே, பாடகி" என்றார் சுலோச்சனா. குரல் உயரவில்லை. "என் பேரை நான் யாருக்கும் குடுப்பேன், அது என்னோடது. இந்தக் குரலை அவங்க என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. நான் போடுறது அம்புட்டும் அடுத்தவங்க பாட்டு. அவங்களை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் கம்ப்யூட்டர் சத்தம்." பிறகு என் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டு, முடியாது என்று சொல்லி வைத்தார். நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

நாற்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. எங்களில் நான்கு பேர் அவருடன் பேச்சையே நிறுத்தினார்கள். ஒருவர், சுலோச்சனாவின் சாதிச் சங்கத்துக்காரர்கள் மூலமாகவே பஞ்சாயத்துப் பேசிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அதற்குள் சுலோச்சனா சி.டி.யில் பாட்டைப் பதியும் கருவி ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றாகப் பதிய ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னால் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். அறை முழுக்க மஞ்சள் ஓரம் போட்ட அட்டைகள். கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய அட்டையின் பின்பக்கத்தில் அண்ணன் மேலுறை அச்சடித்துக் கொடுத்திருந்தார். 'அடுத்தவங்க பாட்டு' என்று தலைப்பு. கீழே பாடியவர்களின் பெயர், ஊருடன். முதல் பெயர் முத்துப்பேச்சி. எங்கள் குழுவின் பெயரும் இருந்தது. பேச்சை நிறுத்திய நான்கு பேரின் பெயரும் இருந்தது. சுலோச்சனா என்ற பெயர் கடைசி வரியில், எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்தில்.

"வந்துட்டீங்களா. அந்த அட்டையை மடிங்கண்ணே, கோடு போட்ட இடத்துல" என்றார். நான் உட்கார்ந்து மடித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் நின்றபோது, "அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"தப்புதான்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். "அந்தம்மாகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்று மாலையே போய்ச் சொன்னேன். "அதை எதுக்குப்பா மனசுல வச்சிருக்க? சாப்பிட்டியா?" என்றார் அவர்.

வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். காலை முகூர்த்தம் முடிந்து, வாழைமரம்கூட அவிழ்க்காத மண்டபத்தை மத்தியானத்துக்கு மட்டும் எங்களுக்குக் கொடுத்தார்கள். சந்தை நாள் என்பதால் மாட்டு வியாபாரிகளும் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் உணர்ச்சி பொங்க, "இத்தனை பாட்டுக்கும் உயிர் கொடுத்த நம்ம சுலோ அண்ணனை மேடைக்கு அழைக்கிறோம்!" என்று கூவி, முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருந்த பத்மநாபனை இழுத்துப்போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டார். சுலோச்சனா ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பத்மநாபன் மைக்கை வாங்கி, "நான் பத்திரிகை அடிக்கிறவன். பாட்டு போட்டது என் தங்கச்சி" என்றார். பொன்னாடையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, வயர்களைத் தாண்டிப் போய் அதைத் தங்கையின் தோளில் போட்டார். கூட்டம் ஒரு நிமிடம் விழித்தது. பிறகு முத்துப்பேச்சி அம்மா குலவையிட்டார். பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் மாட்டுப் பாட்டு. பெரிய ஸ்பீக்கரில் லாரிப் பலகை முதல்முறை விழுந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி தன் லாரிதானோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரல் தொடங்கியதும் மண்டபம் அடங்கியது. முத்துப்பேச்சி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோலத் தன் குரலைக் கேட்டார். பாட்டு முடிந்ததும் அந்த வியாபாரி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்க" என்றார். கேட்டது மாடு விற்கிற மனிதர். மூன்று முறை போட்டோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுலோச்சனாவிடம் போனால், "மூணாவது தடவை கீச்சு கேக்காம ட்ரெபிளைக் கொறச்சேன், கவனிச்சீங்களாண்ணே?" என்று கேட்டார்.

சி.டி.யைக் கடைகளுக்குக் கொண்டுபோக எங்களுக்கு ஆள் இல்லை. அவரே ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். டிரைவர்களிடம் கொடுப்பார். சமயநல்லூர் டீக்கடை, கொட்டாம்பட்டியில் திருச்சி ரோட்டு ஓரச் சாப்பாட்டுக் கடை என்று நின்று, "ஒருதடவை போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா நான் திரும்பி வரும்போது குடுத்துருங்க" என்பார். திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அவர் பெரிய புகழ் எதுவும் அடையவில்லை. அதை மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த சி.டி.க்குப் பிறகு எங்கெங்கோ இருந்து பெண்கள் அந்த மாடிப்படி ஏறினார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு வந்து, குழந்தையைப் பத்மநாபனிடம் கொடுத்துவிட்டு, ஒன்று முதல் இரண்டுக்குள் பாடிவிட்டுப் போனார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. வேலையில் இருந்தால் போனை எடுக்க மாட்டார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். கொட்டாம்பட்டியில் டிங்கரிங் பட்டறை வைத்துக்கொண்டு எங்களோடு பாடும் ஜாபர், வேறொருவர் எழுதிய வரியைத் தன்னுடையது என்று ஒருமுறை சொல்லிவிட்டார் என்பதற்காக, ஒரு வருடம் சுலோச்சனா அவர் பாட்டைத் தொடவில்லை. ஜாபர் அந்த வரியை எழுதியவரையே கூட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் கதவு திறந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பத்மநாபன் என்னையும் முத்துப்பேச்சி அம்மாவையும் மாடிக்கு அழைத்துப்போனார். கம்ப்யூட்டரைப் போட்டார். முடிக்காத பாட்டுகள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பாடியவர் பெயரும் ஊரும் தலைப்பாக இருந்தன. "இதையெல்லாம் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். முத்துப்பேச்சி அம்மா என்னைப் பார்த்தார். "நீ முடி தம்பி" என்றார். எனக்கு எழுதத்தான் தெரியும், இது தெரியாது என்றேன். "சுலோவுக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமாக்கும்?" என்றார்.

இப்போது சனி, ஞாயிறுகளில் நான் அந்த அறைக்குப் போகிறேன். முதல் பாட்டு ஜாபருடையது. நான்கு முறை செய்து நான்கு முறையும் கெடுத்தேன். நான்காவதை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் போய், பட்டறையில் அவரை உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். முழுதாகக் கேட்டார். "இல்லண்ணே, இது நான் இல்ல" என்றார். சரி என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஐந்தாவது இந்த வாரம் தயாராகிவிடும். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆறாவது செய்வேன்.

சுலோச்சனாவிடம் இருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது முடிக்காத நான்கு பாட்டும், பாடியவர் சரி என்று தலையாட்டும்வரை திரும்பத் திரும்பப் போய் நிற்கிற கால்களும்தான். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏறுவேன்.